ஒரே துணியில் இரண்டு பை

குழலில் எத்தனை வகை, எது என்ன ஸ்கேல் என்று கேட்டால் ரவிக்கை சைஸ் சொல்வதுபோல நான் சொல்லிவிடுவேன். சங்கீதம் படித்தவள் இல்லை. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு, தேவானந்தம் சார் வீட்டு மாடியில் பதினோரு வருஷமாகத் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள். என் பெயர் நாகலக்ஷ்மி. கீழ் வீட்டில் நடப்பதெல்லாம் என் காதில் விழும். காதைப் பொத்திக்கொண்டு யாராவது ரவிக்கை தைக்க முடியுமா?

சார் விமானப்படை பேண்டில் இருபத்தைந்து வருஷம் குழல் வாசித்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் பேண்டு சார். அவர் மனைவி கெசியா டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு, சர்ச்சில் பாட்டு. சர்ச்சின் பாட்டுக் குழுவான கொயரை இருபத்தெட்டு வருஷம் நடத்தினார், அதுவும் கணக்குச் சொல்லித் தருகிற அதே குரலில். காலை ஆறு மணிக்கு சார் முன்னறையில் ஒரே சுரத்தை நீளமாக ஊதுவார். டீச்சர் அடுப்படியிலிருந்தே அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போவார். டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தமும் குக்கர் சத்தமும் நடுவில் வரும், குரல் மட்டும் அசையாது. நான் அந்த நேரத்தில்தான் மெஷினுக்கு எண்ணெய் விடுவேன்.

போன ஆடியில் டீச்சருக்குத் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி பெரியது, மேலே போகிற குரல் குறையலாம் என்று முன்னாலேயே சொல்லித்தான் செய்தார்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை. பேச்சு இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டது, திட்டு அதற்கும் முன்னாலேயே திரும்பிவிட்டது. பாட்டு வரவில்லை. ஒருநாள் காலையில் சார் சுரம் கொடுத்தார், டீச்சர் பிடித்தார், நாலாவது படியில் குரல் காற்றாகப் போயிற்று. அப்புறம் அடுப்படியில் குக்கர் சத்தம் மட்டும்தான். சாரும் கொஞ்ச நாளில் காலையில் ஊதுவதை நிறுத்திவிட்டார்.

வீடு அப்படியே கிடந்தாலும் சகித்துக்கொள்ளலாம். ஆனால் ஐப்பசியில் மகள் எப்சிக்குக் கல்யாணம். பெண் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறது, மாப்பிள்ளை ஆஸ்டினும் அங்கேதான். அவர்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. மணப்பெண் வாசற்படியில் நிற்பாள். உள்ளே மணவாட்டிப் பாட்டு தொடங்கி, முதல் அடி முடிந்த பிறகுதான் அவள் படி தாண்டுவாள். அந்தச் சபையின் முதல் உபதேசியார் எழுதிய பாட்டாம், வேறு எங்கும் கிடையாது. முதல் சரணத்துக்குக் கீபோர்டு கூடாது. ஒரு குழல், முன்னால் நின்று பாட ஒரு குரல், அவ்வளவுதான். அங்கே கல்யாணமான ஒவ்வொரு பெண்ணுக்கும் பாடிய குரல் கெசியா டீச்சருடையது. இப்போது அவர் பெண்ணே வாசலில் வந்து நிற்கப் போகிறது, பாட மாட்டேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

நான் அளவு எடுக்கக் கீழே போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச் முடிந்து வந்து டீச்சர் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தார். சார் முறத்தைக் காலுக்கு நடுவில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மேலே விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அது தலைக்கு மேலே வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் ஏரியா பழக்கம்.

"கழுத்து எவ்ளோ இறக்கம் வெக்கட்டும் டீச்சர்?"

"இறக்கமே வேணாம். மூடித் தை. தழும்பு தெரியக்கூடாது."

"தெரிஞ்சா இன்னா டீச்சர். ஆபரேஷன் ஊர்ல யாருக்கும் நடக்காததா?"

"தெரிஞ்சா ஆபரேஷன் எப்படி இருக்குன்னு கேப்பாங்க. அப்புறம் பாட்டு எப்படி இருக்குன்னு கேப்பாங்க. எனக்கு வேணாம் அந்த விசாரிப்பு."

சார் பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "நம்ம கொயர் ஷீலா பாடுறேன்னு ஒத்துக்கிட்டா."

"நல்ல விஷயம். நல்லா பாடுவா."

"ஸ்கேலைக் கொஞ்சம் இறக்கிட்டா நீயே பாடலாம் கெசி."

டீச்சர் மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். எனக்கு அப்போதே தெரிந்தது, இன்றைக்குக் குழம்பு நேரத்துக்கு ஆகாது.

"எத்தனை தடவை சொல்றதுங்க? டி ஸ்கேல்ல இருக்கிற பாட்டை டி-லதான் பாடணும்."

"யார் சொன்னது? உபதேசியார் அப்படி எழுதி வெச்சாரா?"

"நான் சொன்னேன். இருபத்தெட்டு வருஷமா நான்தான் சொன்னேன்."

"ரெண்டாவது சரணத்துக்குச் சேர்ற ஷெர்வினோட கீபோர்டுல அதுக்குன்னே பட்டன் இருக்கு. ஒரு அமுக்கு அமுக்கினா அதுவும் கூடவே கீழே இறங்கிடும். இப்ப எல்லா சர்ச்சுலயும் பண்றாங்க."

"பட்டனை அமுக்கினா ஷெர்வினுக்குத் தெரியும். ஷெர்வினுக்குத் தெரிஞ்சா கொயருக்குத் தெரியும். கொயருக்குத் தெரிஞ்சா மூணாவது பெஞ்சுக்குத் தெரியும்."

சார் உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டார், தோலை ஊதித் தள்ளினார், தேங்காய் வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டில் தேங்காய் இரண்டு இருந்தது, நானே பார்த்தேன்.

"மூணாவது பெஞ்சுல யாரு டீச்சர்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஆனால் டேப்பை அவர் கழுத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது.

"தபீதாள் அக்கா" என்றார்.

எனக்கு அந்த அம்மாவைத் தெரியும். சானடோரியம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்புலியூரில் எங்கள் அம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறார். பேச்சு ஓங்கி இருக்கும், பேருந்து நிலையத்தில் நின்று கூப்பிட்டால் ரயில் நிலையத்தில் ஆள் திரும்பும்.

"கொயர்ல இருபது வருஷம் என் பின்னாடி நின்னு பாடினாங்க நாகு. மணவாட்டிப் பாட்டுல ரெண்டாவது சரணத்துக்குக் கொயர் சேரும்ல, அப்ப அவங்க குரல்தான் முதுகுல வந்து இடிக்கும். நல்ல குரல். படிக்கத் தெரியாது, எல்லாம் மனப்பாடம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, பெரிய வெள்ளிக்கிழமைக்கு ப்ராக்டிஸ். எல்லார் முன்னாடியும் கேட்டாங்க, டீச்சரம்மா, கொஞ்சம் இறக்கிக்கலாமா, எனக்கு எட்ட மாட்டேங்குதுன்னு."

"நீங்க?"

"ஒருத்தருக்காக இறக்க முடியாதுக்கா, எட்டலைன்னா உட்கார்ந்து கேளுங்கன்னு சொன்னேன்."

விமானம் தலைக்கு மேலே வந்தது. டீச்சர் நிறுத்தினார். அது போனதும் தொடர்ந்தார்.

"படிக்காட்டியும் கையில பிடிச்சிருக்கிற பாட்டு நோட்டை மூடி மேசையில வெச்சாங்க. போய் மூணாவது பெஞ்சுல உட்கார்ந்தாங்க. அன்னைக்கிலேர்ந்து வாரா வாரம் அதே இடம். பார்த்தா ஸ்தோத்திரம் சொல்வாங்க, சிரிப்பாங்க, எப்சி எப்படியிருக்குன்னு கேப்பாங்க. பாட்டுக்கு மட்டும் வாயைத் திறக்கமாட்டாங்க. சபையே எழுந்து நின்னு பாடும்போதும் வாய் மூடிதான் இருக்கும். நான் அங்கேர்ந்து பார்த்துட்டேதான் இருப்பேன். இப்ப எனக்கு எட்டலைன்னதும் ஸ்கேலை இறக்கிட்டுப் போய் நின்னா, அந்த முகத்தை எப்படிப் பார்க்கிறது?"

"ஒரு மன்னிப்பு கேட்டுடக் கூடாதா டீச்சர்?"

"கேக்கலாம்னு மூணு தடவை அவங்க வீட்டுக்குப் போயிருக்கேன். காப்பி குடிச்சிட்டு வந்துடறேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றால், இரண்டு பேர் மேலும்தான். நாலு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடுகிற விஷயத்தை ஆறு வருஷம் பெஞ்சிலும் மேடையிலும் வைத்து அடைகாத்திருக்கிறார்கள். ஆனால் மூடிய கழுத்துக்கு அளவு எடுக்கும்போது தழும்பின் மேல் என் விரல் பட்டது, டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.  கழுத்து பதினான்கரை என்று குறித்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கேம்ப் ரோட்டில் முழங்கால் தண்ணீர். டீச்சர் பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் சார் மாடிக்கு வந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கக்கத்தில் மூன்று பெட்டி. கட்டிங் மேசையில் துணியை ஒதுக்கச் சொல்லி, மூன்றையும் திறந்து வரிசையாக வைத்தார்.

"இது எல்லாமே ஃப்ளூட்தான் நாகலக்ஷ்மி. இந்தக் குட்டி, பிக்கலோ. நடுவுல இருக்கிறதுதான் நீ தினம் கேட்டது, சாதாரண ஃப்ளூட். சி ஃப்ளூட்னு சொல்லுவோம். இந்தப் பெரியது ஜி ஃப்ளூட். டெல்லியில என் சீனியர் ஒருத்தர் ரிட்டையர் ஆகும்போது குடுத்துட்டுப் போனார். இதுக்கும் பெரியது ஒண்ணு இருக்கு, பேஸ். அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன், வாஷ்பேசின் அடியில பைப் வளைஞ்சிருக்குமே, அப்படி வளைஞ்சிருக்கும்."

"ஒவ்வொண்ணுக்கும் தனியா கத்துக்கணுமா சார்?"

"அதான் விஷயம். விரல் வைக்கிறது எல்லாத்துலயும் ஒண்ணுதான். நடுவுல இருக்கிறதுல டி-க்கு எப்படி விரல் வைக்கிறேனோ, பெரியதுலயும் அப்படியேதான் வைப்பேன். ஆனா வெளியே வர்றது டி இல்ல. நாலு படி இறங்கி ஏ வரும்."

"அதாவது கட்டிங் ஒண்ணுதான். சைஸ் வேற."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இருபத்தைந்து வருஷத்துல எனக்கு இப்படி யாரும் சொல்லித் தரல" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

பிக்கலோவை மூடி ஓரமாக வைத்தார். மற்ற இரண்டையும் தள்ளினார்.

"ரெண்டு பை தைக்கணும். இந்தப் பெட்டிக்கு ஒண்ணு, அந்தப் பெட்டிக்கு ஒண்ணு. தோள்ல மாட்டுற மாதிரி. ரெண்டும் ஒரே துணி, ஒரே கலர். நீளமும் ஒரே நீளம்."

"சின்னதுக்கு எதுக்கு சார் அவ்ளோ நீளம்? உள்ள லொடலொடன்னு ஆடும்."

"ஆடட்டும்."

"அடியில பஞ்சு வெச்சுத் தரேன், இல்லன்னா ஒண்ணுக்காவது வேற கலர்ல பட்டி அடிக்கிறேன். ரெண்டும் அப்படியே ஒரே மாதிரி இருந்தா அவசரத்துல மாத்தி எடுத்துகினு போயிடுவீங்க சார்."

சார் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. ரவிக்கையில் துணி குறைந்தால் ஒட்டுப் போட்டு மறைக்கிறவளுக்கு இந்த அளவாவது உறைக்காவிட்டால் எப்படி?

"மாத்தி எடுத்துகினு போறதுக்குத்தான் தைக்கச் சொல்றீங்களா?"

"சத்தமா சொல்லாதே" என்றார், கீழே யாரும் இல்லாத வீட்டில்.

அப்புறம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். அவர் யோசனை இது. பாட்டு தொடங்க அவர்தான் சுரம் கொடுக்க வேண்டும். டி-க்கு விரல் வைத்து ஊதுவார், பெரிய குழலில் ஏ வரும். பாட்டு அவ்வளவு கீழே இறங்கிவிடும். ஷீலாவுக்கு மேல்குரல், அந்த ஆழத்தில் அவளுக்குக் காற்றுதான் வரும். எப்சி வாசலில் நிற்கும். அந்த இடத்தில் அந்தப் பாட்டைப் பாட முடிந்த ஒரே ஆள் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

"அவ ஸ்கேலை இறக்கச் சொல்லல. நானும் இறக்கல. பை மாறிப்போச்சு. தப்பு என்னுது. மூணாவது பெஞ்சு அவளை ஒண்ணும் நினைக்காது."

"அதை உங்க தினப்படி ஃப்ளூட்லயே இறக்கி வாசிச்சா ஆகாதா சார்?"

"அவ்வளவு கீழே அதுல ஓட்டையே கிடையாதும்மா. சி-யோட அதுக்குத் தரை வந்துடும். ஒரு ஆக்டேவ் ஏத்தி மேல்ஸ்தாயில வாசிக்கலாம், அப்ப பாட்டு ஒரு பக்கம் ஃப்ளூட் ஒரு பக்கம் நிக்கும். அதுவும் இல்லாம, நான் ஸ்கேல் தெரியாம வாசிச்சேன்னா எவன் நம்புவான்? பை மாறிடுச்சுன்னா நம்புவாங்க."

"ஷீலா பாவம் சார்."

"பாவம்தான். ஷீலாவுக்கு இன்னும் எத்தனையோ கல்யாணம் வரும். கெசிக்கு எப்சி ஒருத்திதான்."

"உங்க பேரு என்னாவறது? ஒரு நாள்கூட நீங்க தப்பா சுரம் குடுத்ததில்லன்னு டீச்சரே நூறு தடவை சொல்லியிருக்காங்க. ஜுரத்தோட டெல்லியில அணிவகுப்புல வாசிச்சீங்களாமே."

"பேரு போனா போகட்டும். அதை வெச்சுக் குழம்பா வைக்கப் போறேன்?" என்றார். சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. பேண்டுக்காரனுக்குச் சுரம் தப்புவது என்றால் சும்மாவா? எனக்கு ரவிக்கையில் கை ஏறாமல் போனால் மூன்று நாள் சோறு இறங்காது.

அன்று அவர் அந்தப் பெரிய குழலை எடுத்து மூன்று துண்டையும் பூட்டி, என் மெஷின் பக்கத்தில் நின்று ஊதிக் காட்டினார். தினமும் கேட்கிற குழல் சின்னப் பெண் பேசுகிற மாதிரி இருக்கும். இது வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தணிந்து பேசுகிற மாதிரி இருந்தது. மழைச் சத்தத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தது. ஊதி முடித்து, "மன்னிக்கணும், பை மாறிப்போச்சு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "இயல்பா இருக்கா?" என்று என்னைக் கேட்டார். இன்னும் கொஞ்சம் பதறினால் நன்றாக இருக்கும் என்றேன். இரண்டாம் தடவை பதறினார். நல்ல மனுஷன், பொய்யை இப்படி ஒத்திகை பார்த்துச் சொல்கிறவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கருநீல ரெயின்கோட் துணியில் இரண்டு பை தைத்துக் கொடுத்தேன். பட்டி, ஜிப், நீளம் எல்லாம் ஒன்று. டீச்சர் அவற்றைத் தூக்கிப் பார்த்தார், சின்னதை ஆட்டிப் பார்த்தார். "என்ன நாகு, துணி மிச்சமாயிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் டீச்சர் என்றேன். வேறு எதுவும் கேட்காமல் இரண்டையும் ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவைத்தார்.

கல்யாணம் வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து விட்டுவிட்டு மழை. எப்சிக்குப் புடவை கட்டி, முக்காடு குத்தி, மிச்ச ஊசியை என் தோளில் குத்திக்கொண்டு நான் முதலிலேயே சர்ச்சுக்கு வந்துவிட்டேன். என் சாமி வேறு என்றாலும் அந்த வீட்டுக் கல்யாணத்தில் எனக்கு முன் வரிசைக்குப் பக்கத்திலேயே இடம் போட்டிருந்தார்கள். டீச்சர் மூடிய கழுத்து ரவிக்கையில், கத்தரிப்பூ நிறப் பட்டில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் தபீதாள் அக்கா, வெள்ளைச் சேலை, மடியில் ஒரு சின்ன டவல். பின்னால் பந்தலிலிருந்து பிரியாணி தம் போடுகிற வாசனை மழையோடு உள்ளே வந்துகொண்டிருந்தது.

கார் வந்துவிட்டது என்று வாசலில் கை காட்டினார்கள். சபை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. எப்சி குடைக்கு அடியில் படியில் வந்து நின்றது. ஷீலா முன்னால் வந்து கையைக் கட்டி நின்றாள். சார் நீலப் பையைத் திறந்தார், பெரிய குழலைப் பூட்டினார். அப்போதே கொயரில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சாண் நீள வித்தியாசத்தை எந்தப் பையில் மறைக்க முடியும்?

சார் ஊதினார். அந்தத் தணிந்த சுரம் சர்ச் முழுக்கப் போய்ப் பரவியது. ஷீலா வாயைத் திறந்தாள். பாவம் அந்தப் பெண், முதல் வார்த்தையே உள்ளே விழுந்துவிட்டது. இருமினாள், மறுபடி முயன்றாள், காற்றுதான் வந்தது. ஷெர்வின் கீபோர்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்கிள், இது ஏ" என்று மெதுவாகச் சொன்னான். மைக் அதை எல்லாருக்கும் சொல்லிவிட்டது.

சார் குழலை இறக்கினார். "மன்னிக்கணும். ரெண்டு பையும் ஒரே துணி. அவசரத்துல பை மாறிப்போச்சு" என்றார். மாடியில் ஒத்திகை பார்த்த பதற்றம் எங்கே போயிற்றோ, நிஜமான பதற்றம் வந்துவிட்டது. 

சபைச் செயலாளர் ஜெபகுமார் ஒரு தமாஷ் பேர்வழி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். "பேண்டு சாருக்கே பை மாறுதுன்னா நம்ம கதி என்ன. வயசாயிடுச்சு சார் உங்களுக்கு" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, கல்யாண வீட்டுச் சிரிப்புதான். சாரும் கூடச் சிரித்தார். ஆனால் அவர் காது இரண்டும் சிவந்துவிட்டது.  அதைப் பார்த்து எனக்கு ஜெபகுமாரின் வாயை அங்கேயே நூல் போட்டுத் தைத்துவிடலாம் என்று இருந்தது.

டீச்சர் எழுந்தார். பாடத்தான் எழுகிறார் என்று நினைத்தேன். சாரும் அப்படித்தான் நினைத்திருப்பார், குழலை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

"பை மாறல" என்றார் டீச்சர்.

சிரிப்பு நின்றது.

"இத்தனை வருஷத்துல அவர் ஒரு சுரம் மாத்திக் குடுத்ததில்ல. இன்னைக்கும் மாத்தல. ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு மேல பாட வரல. அதை உங்ககிட்ட சொல்ல எனக்கு வெட்கம். அதனால இவர் வேணும்னேதான் பெரிய ஃப்ளூட்டை எடுத்துட்டு வந்து, தப்பைத் தன் தலையில போட்டுக்கிட்டார். அவரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. சிரிக்கிறதுன்னா என்னைப் பார்த்துச் சிரிங்க."

சார், "கெசி, விடு" என்றார். டீச்சர் விடவில்லை. சபைக்கு முதுகைக் காட்டி நின்றவர் திரும்பினார். மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார்.

"தபீதாள் அக்கா. அன்னைக்கு நீங்க எட்டலன்னு சொன்னீங்க. நான் உட்காரச் சொன்னேன். எனக்கு எட்டாம போனப்புறம்தான் அது என்ன வார்த்தைன்னு தெரிஞ்சுது. மூணு தடவை உங்க வீட்டுக்கு வந்து சொல்லாம திரும்பிட்டேன். இப்ப எல்லார் முன்னாடியும் சொல்றேன், எல்லார் முன்னாடியும்தானே அன்னைக்குச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க. இந்த ஸ்கேல் உங்களுக்கு எட்டும். வந்து என்கூடப் பாடுங்க. நீங்க வரலைன்னா நானும் பாடல."

 மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் எப்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது, முக்காடு ஒரு பக்கம் நழுவியிருந்தது, நான் குத்திய ஊசி அவிழ்ந்துவிட்டது. எழுந்து ஓடிப் போய்க் குத்தலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அந்த நேரத்தில் யார் எழுந்தாலும் தப்பாகிவிடும்.

தபீதாள் அக்கா டவலால் முகத்தைத் துடைத்தார்.

"இன்னா டீச்சரம்மா நீ" என்றார். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. "பொண்ணு வாசல்ல நனைஞ்சுகினு நிக்குது. இப்ப போயி பஞ்சாயத்து வெச்சுகினு கீற. ஆறு வருசமா நீ எப்போ கூப்புடுவன்னுதான் இந்தப் பெஞ்சுல குந்தினு கீறேன். வேற சர்ச்சு இல்லையா இன்னா எனக்கு?"

எழுந்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்து நின்றார். "முட்டி வலிக்குது, கைய குடு." டீச்சர் ஓடிப் போய்க் கையைக் கொடுத்தார். இரண்டு பேரும் முன்னால் வந்து நின்றார்கள். ஷீலா விலகி இடம் விட்டாள், போகும்போது டீச்சர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். நல்ல பெண்.

"சாரே, அந்த சொரத்த இன்னொரு தபா ஊது" என்றார் தபீதாள் அக்கா. "காது கொஞ்சம் மந்தமாப் போச்சு."

சார் ஊதினார். 

"வாசல் திறந்தது, வா மகளே" என்று பாட்டு தொடங்கியது. டீச்சரின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பதினோரு வருஷம் அடுப்படியிலிருந்து கேட்ட குரல் இல்லை அது. கீழே, கனமாக, அவசரமில்லாமல் வந்தது. பக்கத்தில் தபீதாள் அக்காவின் குரல், கொஞ்சம் துருவோடு. ஒரு குரல்தான் பாட வேண்டும் என்ற வழக்கத்தை அன்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை. முதல் அடி முடிந்தது. எப்சி படி தாண்டியது.

மகள் நடந்து வருவதைப் பார்த்ததும் டீச்சரால் முடியவில்லை. இரண்டாம் அடியின் பாதியில் அழுதுவிட்டார். குழல் போய்க்கொண்டிருந்தது, குரல் ஒன்று நின்றுவிட்டது. தபீதாள் அக்கா திரும்பியே பார்க்கவில்லை. டீச்சரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டை ஒரு வார்த்தை விடாமல், பெண் பீடத்தண்டை வந்து நிற்கிற வரைக்கும் தனியாகவே பாடிக் கொண்டுவந்து சேர்த்தார்.